எக்ஸ்ரேயில் தெரியாத ஜவ்வு



முழங்கால் வலி என்று வரும் ஓர் அம்மாவை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்கிறார். படம் வந்ததும் அதை வெளிச்சப் பெட்டியில் செருகி, இரண்டு எலும்புகளுக்கு நடுவே பேனா முனையை வைக்கிறார். "ஜவ்வு தேஞ்சு போச்சும்மா, இங்க பாருங்க" என்கிறார். அந்த அம்மாவும் பார்த்துத் தலையாட்டுகிறார். பேனா முனை நிற்கும் இடத்தில் இருப்பதோ வெறும் கறுப்பு. ஜவ்வு என்று எல்லோரும் சொல்லும் குருத்தெலும்பு அந்தப் படத்தில் எங்குமே பதிவாகவில்லை. மேல் எலும்பும் கீழ் எலும்பும் நெருங்கி வந்திருக்கின்றன. ஆகவே நடுவில் இருந்தது குறைந்துவிட்டது என்று மருத்துவர் கணிக்கிறார். அனுபவமுள்ளவரின் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அவர் பார்த்தது எலும்பை, சொன்னது ஜவ்வைப் பற்றி.

அந்தக் கறுப்பு இடைவெளிதான் இன்றைய பேச்சின் பொருள். எக்ஸ்ரே அந்த ஜவ்வின் வழியாகப் போகும்போது அதற்கு ஒன்றுமே நேரவில்லையா? நேர்கிறது. ஜவ்வைத் தொட்ட கதிர் தொட்ட அடையாளத்தோடுதான் வெளியே வருகிறது. அந்த அடையாளத்தைப் படிக்க மருத்துவமனைக் கருவியால் முடியவில்லை, அவ்வளவே. அதைப் படிக்கும் முறையையும், அந்த முறைக்கு வேண்டிய எக்ஸ்ரேயை லேசரைக் கொண்டு ஒரு கூடத்துக்குள்ளேயே உண்டாக்கும் வழியையும் கடந்த முப்பது ஆண்டுகளாக இயற்பியலாளர்கள் தேடி அடைந்திருக்கிறார்கள்.

இந்தக் கதை எக்ஸ்ரேயின் பிறப்பிலிருந்தே தொடங்குகிறது. 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டார். டிசம்பர் 22இல் மனைவி அன்னா பெர்தாவின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் துலக்கமாக விழுந்த அந்தப் படம் உலகத்தைச் சுற்றி வந்தது. அதே மாதம் அவர் எழுதிய முதல் அறிக்கையில் வேறொரு சோதனையும் இருக்கிறது. அதைப் பேசுவோர் குறைவு. புதிய கதிர் ஒளியைப் போல வளைகிறதா என்று பார்க்க விரும்பினார் ரான்ட்ஜன். மைக்காவால் முப்பட்டகம் செய்து, அதில் தண்ணீரையும் கார்பன் டைசல்பைடையும் நிரப்பிக் கதிரைச் செலுத்தினார். வளையவில்லை. எபோனைட்டிலும் அலுமினியத்திலும் முப்பட்டகம் செய்து பார்த்தார். ஏதோ வளைந்தது போலத் தோன்றியது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வளைந்தாலும் ஒளிவிலகல் எண் 1.05ஐத் தாண்டாது என்று எழுதி நிறுத்திக்கொண்டார். எக்ஸ்ரே நேராகப் போகும், வழியில் உள்ள பொருள் அதில் கொஞ்சத்தை விழுங்கும், மிச்சம் நிழலாக விழும் என்ற எண்ணம் அன்றே நிலைபெற்றது. மருத்துவமனைப் படங்கள் இன்றும் இந்த நிழல்கள்தான்.

1918இல் ஐன்ஸ்டீன், பொருள்கள் எக்ஸ்ரேயை எவ்வளவு வளைக்கின்றன என்பதைச் சோதனையால் கண்டறிய முடியுமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். கேள்வி சரியானது. அளவுதான் கைக்கு அகப்படாத அளவு. 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எக்ஸ்ரே தண்ணீருக்குள் போனால், ஒளிவிலகல் எண் ஒன்றிலிருந்து ஒரு கோடியில் ஏறக்குறைய ஆறு பங்கு மட்டும் மாறுகிறது. அதுவும் ஒன்றைவிடக் குறைகிறது. ஆகவே கண்ணாடி வில்லை ஒளியை வளைக்கும் திசைக்கு எதிர்த்திசையில் வளைவு இருக்கும். ரான்ட்ஜனின் முப்பட்டகங்களில் இது தெரிந்திருக்க வழியே இல்லை.

கோடியில் ஆறு பங்கை வைத்து என்ன செய்வது என்று தோன்றலாம். 50 மைக்ரான் தடிமனுள்ள ஒரு தண்ணீர்ப் படலத்தை எடுத்துக்கொள்வோம். மெல்லிய தலைமுடியின் கனம் அது. அதன் வழியே போகும் அதே எக்ஸ்ரேயில் 250இல் ஒரு பங்கு மட்டுமே விழுங்கப்படும். படத்தில் அது தெரியவே தெரியாது. ஆனால் எக்ஸ்ரேயின் அலைநீளமும் மிகமிகச் சிறியது என்பதால், அந்தப் படலத்தைக் கடந்த அலை, பக்கத்தில் காற்றில் வந்த அலையைவிட அரை அலை விலகி நிற்கும். ஒன்று முகட்டில் இருக்கும்போது மற்றது அகட்டில் இருக்கும். இதைத்தான் பாடப்புத்தகங்கள் கட்ட வேறுபாடு என்கின்றன. விழுங்கப்பட்டது 250இல் ஒன்று. கட்டம் மாறியதோ தலைகீழாக. தசை, குருத்தெலும்பு, மார்பகத் திசு, பூச்சியின் இறக்கை எல்லாமே இந்த வகையைச் சேர்ந்தவை. எக்ஸ்ரே இவற்றைக் கவனிக்காமல் போகவில்லை. எவ்வளவு விழுங்கப்பட்டது என்று மட்டுமே நாம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கட்டத்தை எந்த பிலிமும் நேரடியாகப் பதியாது. அதை வெளிச்சமாகவும் இருளாகவும் மாற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு இதை 1930களில் நெதர்லாந்தின் பிரிட்ஸ் செர்னிகே செய்து காட்டினார். சாயம் ஏற்றாமலே உயிருள்ள செல்லை நுண்ணோக்கியில் பார்க்க முடிந்தது. 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸ்ரேக்கு இன்னும் எளிய ஒரு வழி இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் சிமெண்டுத் தொட்டி இருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள்.

நண்பகல் வெயிலில் தொட்டித் தண்ணீரை லேசாக அலையவிட்டால், அடித்தளத்தில் வலை பின்னியது போல வெளிச்சக் கோடுகள் நெளியும். தண்ணீர் தெளிவானது, வெயிலை அது பெரிதாக விழுங்கவில்லை. மேற்பரப்பின் மேடுபள்ளங்கள் வெயிலை மிகக் கொஞ்சம் வளைக்கின்றன. வளைந்த கதிர்கள் சேரும் இடத்தில் பளிச்சென்ற கோடு, விலகிய இடத்தில் மங்கல். தண்ணீரை ஒரு விரற்கடை ஆழத்துக்குக் குறைத்தால் கோடுகள் மறைந்துபோகும். வளைந்த கதிர் விலகிச் சேர்வதற்குத் தூரம் வேண்டும். வானம் மூடிய நாளில் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் கோடுகள் வராது. சூரியன் ஒரு சிறு வட்டம். மேகமூட்டமோ வானம் முழுக்கப் பரந்த விளக்கு. பரந்த விளக்கின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி வலையைப் பின்னி, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அழிந்துவிடுகின்றன.

எக்ஸ்ரேக்கும் இதே இரண்டு நிபந்தனைகள்தான். பொருளுக்கும் படம் பிடிக்கும் திரைக்கும் நடுவே தூரம் வேண்டும். கதிர் புறப்படும் புள்ளி மிகச் சிறிதாக இருக்க வேண்டும். மருத்துவமனை எக்ஸ்ரே குழாயில் அந்தப் புள்ளி ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இந்தக் காரியத்துக்கு அது மேகமூட்டம். சில மைக்ரான் அளவுக்கு அதைச் சுருக்கினால் திசுக்களின் ஓரங்கள் வெளிச்சக் கோடாகவும் கறுப்புக் கோடாகவும் வரைந்ததுபோல எழுந்து வரும்.

1995இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில், எலக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு எக்ஸ்ரே பெறும், 844 மீட்டர் சுற்றளவுள்ள ஐரோப்பிய சின்க்ரோட்ரானில் அனத்தோலி ஸ்னிகிரெவும் கூட்டாளிகளும் இதை வளையத்தின் எக்ஸ்ரேயால் செய்து காட்டினார்கள். மறு ஆண்டு ஆஸ்திரேலியாவின் ஸ்டீபன் வில்கின்ஸ் குழு, ஒரே அலைநீளம்கூட வேண்டியதில்லை, புள்ளி சிறிதாக இருந்தால் கலவையான எக்ஸ்ரேயே போதும் என்று நேச்சர் இதழில் எழுதியது. இத்தாலியின் திரியெஸ்தே நகர சின்க்ரோட்ரானில் 2006 முதல் பெண்களுக்கு மார்பகப் படமே இந்த முறையில் எடுத்துப் பார்த்தார்கள். ஜப்பானில் நுண்கோடுகள் கொண்ட கீற்றணித் தகடுகளை அடுக்கி வைக்கும் இன்னொரு முறையில் மனித விரல் மூட்டின் ஜவ்வு 2013இல் படமாக வெளிவந்தது. பேனா முனைக்கு அடியில் இருந்த கறுப்புக்குள் கடைசியில் ஓர் உருவம் தெரிந்தது.

பிறகு ஏன் ஊருக்கு ஊர் இது வரவில்லை? சின்க்ரோட்ரான் ஒரு கட்டிடம் என்பதைவிட ஒரு வளாகம் என்பதே பொருத்தம். அதில் ஆய்வு நேரம் கிடைக்க விஞ்ஞானிகளே வரிசையில் நிற்கிறார்கள். சாதாரண எக்ஸ்ரே குழாயின் புள்ளியைச் சுருக்கலாமே என்றால், அங்கே உலோகம் குறுக்கே நிற்கிறது. குழாய்க்குள் எலக்ட்ரான்கள் உலோகத் தகட்டில் மோதித்தான் எக்ஸ்ரே பிறக்கிறது. அவற்றின் ஆற்றலில் ஏறக்குறைய 99 சதவீதம் வெறும் சூடாகப் போகிறது. அவ்வளவு சூட்டையும் இரண்டு மைக்ரான் புள்ளியில் குவித்தால் தகடு உருகிவிடும். உருகாமல் இருக்க மின்சாரத்தைக் குறைத்தால் கதிர் குறையும். ஒரு படத்துக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். புள்ளி சிறிதானால் வெளிச்சம் போதாது, வெளிச்சம் கூடினால் புள்ளி பெரிதாகும். இந்த இழுபறியில் குழாய் பல ஆண்டுகளாக மாட்டிக்கொண்டிருக்கிறது.

உருகுவதற்கு ஒன்றுமே இல்லாத ஓர் இலக்கு கிடைத்தால்? ஏற்கெனவே சிதைந்து, எலக்ட்ரானும் அயனியுமாகப் பிரிந்து கிடக்கும் பொருளை இன்னும் எப்படி உருக்க முடியும்? பிளாஸ்மா அப்படிப்பட்ட பொருள்.

1979இல் கலிபோர்னியாவில் தோஷிகி தாஜிமாவும் ஜான் டாசனும் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். மிகக் குறுகிய லேசர்த் துடிப்பு ஒன்றை பிளாஸ்மாவுக்குள் விட்டால், காயலில் விரையும் படகுக்குப் பின்னால் அலை எழுவதுபோல, துடிப்புக்குப் பின்னால் மின் அலை எழும். அந்த அலையின் சரிவில் ஏறிக்கொள்ளும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும்வரை தள்ளப்படும். அன்று அப்படிப்பட்ட லேசர் எங்கும் இல்லை. ஆறு ஆண்டு கழித்து, 1985இல், அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவியாக இருந்த டோனா ஸ்ட்ரிக்லேண்டும் அவருடைய ஆசிரியர் ஜெரார் மூருவும் அதற்கு வழி கண்டார்கள். குறுந்துடிப்பை அப்படியே பெருக்கினால் பெருக்கும் படிகமே வெடித்துவிடும். ஆகவே முதலில் துடிப்பை நீளமாக இழுத்து மெலிய வைத்தார்கள், மெலிந்ததைப் பெருக்கினார்கள், பெருக்கியதைத் திரும்பச் சுருக்கினார்கள். 2018 இயற்பியல் நோபல் பரிசில் பாதி இதற்குக் கிடைத்தது. இன்று உலகில் உள்ள பெரிய குறுந்துடிப்பு லேசர்கள் எல்லாமே இந்த வழியில் வந்தவை.

அப்படிப்பட்ட லேசர் உள்ள ஒரு கூடத்துக்குள் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். காற்று முழுவதும் உறிஞ்சப்பட்ட ஓர் உலோக அறை. அதன் நடுவே ஒரு சிறிய மூக்கிலிருந்து ஹீலியம் வாயு பீறிடுகிறது. பீறும் வாயுவின் அகலம் சில மில்லிமீட்டர், அதிகம் போனால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். சில மீட்டர் தள்ளியுள்ள குவியாடி லேசர்த் துடிப்பை அந்த வாயுவில் குவிக்கிறது. துடிப்பின் காலம் சுமார் 30 பெம்டோ நொடி. ஒரு நொடியில் ஒளி மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும். 30 பெம்டோ நொடியில் அது போகும் தூரம் ஒன்பது மைக்ரான். அதாவது வாயுவுக்குள் நுழைவது ஒளிக்கற்றை என்பதைவிட ஒளியாலான ஒரு மெல்லிய வில்லை என்பதே சரி. அந்த வில்லை தன் வழியில் உள்ள எலக்ட்ரான்களையெல்லாம் நான்கு பக்கமும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு ஓடுகிறது. கனமான அயனிகள் அசையாமல் நிற்கின்றன. ஆகவே துடிப்புக்குப் பின்னால், எலக்ட்ரான் இல்லாத, நேர்மின்னூட்டம் நிறைந்த ஒரு குமிழி தொடர்ந்து ஓடிவருகிறது. அதற்குள் இருக்கும் மின்புலம் வழக்கமான முடுக்கிகளில் உள்ளதைப்போல ஆயிரம் மடங்கு. குமிழியின் பின்புறத்தில் அகப்பட்ட எலக்ட்ரான்கள் ஒரு சென்டிமீட்டருக்குள் கோடிக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைப் பெற்றுவிடுகின்றன.

எக்ஸ்ரே பிறப்பது அந்த ஓட்டத்தின்போதுதான். நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி ஓடும் எலக்ட்ரானைக் குமிழியின் நேர்மின்னூட்டம் நடுவை நோக்கி இழுக்கிறது. அது நடுவைத் தாண்டி மறுபக்கம் போய்விடுகிறது, மறுபடி இழுக்கப்படுகிறது. ஊஞ்சல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே முன்னோக்கிப் பாய்கிறது. திசை மாறும் எலக்ட்ரான் கதிரை வீசும். ஒளிவேகத்தை ஒட்டி ஓடுவதால் அந்தக் கதிர் எக்ஸ்ரே அலைநீளத்துக்குச் சுருங்கி, முன்பக்கமாகக் குறுகிய கூம்பாய்ப் பாய்கிறது. பீட்டாட்ரான் கதிர் என்று அதற்குப் பெயர். ஊஞ்சலின் வீச்சு ஒன்றிரண்டு மைக்ரான்தான். கதிர் புறப்படும் புள்ளியும் அந்த அளவுதான். பல ஆண்டுகள் குழாய்க்காரர்கள் உலோகத்தோடு போராடிய அளவு இங்கே தானாக வந்து அமைகிறது. இந்த முறையின் அழகே இதில்தான் இருக்கிறது.

2004இல் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்காவைச் சேர்ந்த மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் இப்படிச் சீரான எலக்ட்ரான் கற்றையை எடுத்துக் காட்டின. நேச்சர் இதழ் அதை அட்டையிலேயே கனவுக் கற்றை என்று போட்டது. அதே ஆண்டில் பிரான்சில் அந்தோனி ரூஸ் குழு பீட்டாட்ரான் எக்ஸ்ரேயைப் பதிவு செய்தது. 2011இல் கனடாவின் வாரேன் நகர ஆய்வுக்கூடத்தில் ஒரு தேனீ இதற்கு முன்னால் வைக்கப்பட்டது. ஒரே ஒரு ஷாட். 1.7 மைக்ரான் புள்ளியிலிருந்து வந்த அந்த ஒற்றைத் துடிப்பில் தேனீயின் கட்ட வேறுபாட்டுப் படம் முழுதாக விழுந்தது.

2015இல் ஜெர்மனியின் கார்ஷிங் நகரில் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி ஒன்றைப் படமெடுத்தார்கள். தோட்டத்தில் அசுவினியைத் தின்று விவசாயிக்கு உதவும் அதே பூச்சி இனம். பூச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி, 1,487 ஷாட்களில் 1,487 படங்கள் எடுத்து, அவற்றிலிருந்து பூச்சியின் முப்பரிமாண உருவத்தைக் கட்டினார்கள். ஒவ்வொரு இடத்திலும் எலக்ட்ரான்கள் எவ்வளவு அடர்ந்திருக்கின்றன என்ற கணக்கோடு அந்த உருவம் வெளிவந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் ரதர்போர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்தில், ஜெமினி லேசரைக் கொண்டு மனிதத் தொடை எலும்பின் உட்புறத் துண்டு ஒன்றை 50 மைக்ரானுக்கும் நுட்பமாக முப்பரிமாணத்தில் எடுத்தார்கள். எலும்பின் உள்ளே பஞ்சுபோலப் பின்னியிருக்கும் நுண்சட்டங்கள் ஒவ்வொன்றும் தனித்துத் தெரிந்தன. 2018இல் அதே இடத்தில் பதப்படுத்திய ஓர் எலிக் கருவைப் படமெடுத்து, கடையில் விற்கும் நுண் சி.டி. கருவி எடுத்த படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தரம் சமமாக இருந்தது. புதிய முறை ஒன்றுக்கு இது முக்கியமான தேர்வு. விந்தையாக இருக்கிறது என்பதோடு நிற்காமல், பழைய கருவியோடு ஒரே மேசையில் உட்கார முடிகிறது என்று அது காட்டியது.

எடுத்த படம் அப்படியே பயன்படாது. முதலில் கிடைப்பவை ஓரக் கோடுகள் மட்டுமே. தொட்டி அடியில் நெளியும் கோடுகளைப் பார்த்துத் தண்ணீரின் மேடுபள்ளத்தைக் கணிப்பது போன்ற வேலை பிறகு நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் டேவிட் பகனின் குழு 2002இல் வெளியிட்ட சூத்திரம் அதற்குப் பெரிதும் உதவுகிறது. அதன் பிறகு, பல கோணப் படங்களைச் சேர்த்து ஒரே உருவமாக்க வேண்டும். இங்கே ஒரு பெயரைச் சொல்லாமல் கடந்து போவது நியாயமாகாது.

சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையை 1952 முதல் நடத்திய ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து 1971இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பல கோணங்களில் எடுத்த நிழல்களிலிருந்து உள்ளுருவத்தை அதிகக் கணக்குச் சுமை இல்லாமல் மீட்பது எப்படி என்பது அதன் பொருள். அதே ஆண்டு அக்டோபரில்தான் லண்டன் மருத்துவமனை ஒன்றில் உலகின் முதல் சி.டி. ஸ்கேன் ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது. 1979இல் சி.டி.க்கு நோபல் பரிசு வந்தபோது அதில் ராமச்சந்திரன் பெயர் இல்லை. ஆனால் சி.டி. மென்பொருள்களில் இன்றும் ராம்-லாக் வடிகட்டி என்று அந்த இருவரின் பெயரும் இருக்கிறது. கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1950களில் சென்னையில் எக்ஸ்ரேயை வைத்தே கண்டவரும் அவரே. ஜவ்வுக்கு வலு தரும் புரதம் அந்தக் கொலாஜன்தான்.

இனி, முடியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். முடுக்கி ஒரு சென்டிமீட்டர்தான். ஆனால் அதற்குத் துடிப்பை ஊட்டும் லேசர் ஒரு கூடத்தை நிறைக்கிறது. ஷாட் விழும் நேரத்தில் கான்கிரீட் சுவருக்கு உள்ளே யாரும் இருக்கக் கூடாது. எக்ஸ்ரேயோடு சேர்ந்து எலக்ட்ரான்களும் மிச்ச லேசர் ஒளியும் முன்னோக்கி வருகின்றன; எலக்ட்ரான்களைக் காந்தம் வைத்து ஒதுக்க வேண்டும், லேசரை மெல்லிய உலோகத் தகடு வைத்து மறிக்க வேண்டும். பிளாஸ்மா ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது சற்று மங்கலாகவும் வரும். இந்தச் சீரின்மையைக் குறைப்பதில்தான் ஆய்வாளர்களின் உழைப்பில் பெரும்பகுதி போகிறது. பொதுமக்கள் பார்க்கும் அழகான பூச்சிப் படத்துக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

குழாயாலும் சின்க்ரோட்ரானாலும் எளிதில் முடியாத ஒன்றை இந்தக் கதிர் இப்போதே செய்கிறது. துடிப்பு அவ்வளவு குறுகியது என்பதால் எந்த அசைவும் அதற்கு முன்னால் உறைந்து நிற்கும். ஜெமினியில் சிலிக்கன் துண்டு ஒன்றை வேறொரு லேசரால் தாக்கி, அதற்குள் அதிர்ச்சி அலை ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் பிடித்தார்கள். 2018இல் அந்தப் படங்கள் வெளியாயின. அலுமினியமும் சிலிக்கனும் கலந்த உலோகக் கலவையின் நுண்ணமைப்பையும் அதே கூடத்தில் பார்த்தார்கள். மருத்துவத்துக்கு முன்பே தொழிற்சாலைகள் இதைக் கேட்டு வரக்கூடும்.

மருத்துவத்துக்கு வேண்டியது வேகம். ஜெமினி இருபது நொடிக்கு ஒரு ஷாட் தரும். ஒரு பொருளைச் சுற்றி 180 படம் வேண்டும் என்றால் ஒரு மணி நேரம். அதன் அடுத்த தலைமுறையாக அதே வளாகத்தில் அமையும் எபாக் மையத்தின் லேசர் நொடிக்குப் பத்து ஷாட் தருமாறு திட்டமிடப்பட்டிருக்கிறது. அதில் அந்த 180 படத்துக்குப் பதினெட்டு நொடி போதும். பூச்சிக்கும் எலிக் கருவுக்கும் எலும்புத் துண்டுக்கும் அது ஒரு காலைப் பொழுதில் நூற்றுக்கணக்கான ஸ்கேன். முழங்காலைப் படமெடுக்க எக்ஸ்ரேக் கூம்பு இன்னும் விரிய வேண்டும், ஆற்றல் இன்னும் கூட வேண்டும், உடலில் ஏறும் கதிரளவு இன்று ஸ்கேன் சென்டரில் ஏறும் அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகத் தீர்க்கும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.